இரட்டைச் சைக்கிளின் பின் இருக்கை

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், லிஃப்டுக்கும் சலவை அறைக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத ஓர் அறை இருக்கிறது. முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்த அறை. தொலைபேசி இணைப்புப் பலகையை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தபோது, "அங்க உட்காரப்போறவங்களுக்கு ஜன்னல் எதுக்கு?" என்று ஒருவர் கேட்டார். கூட்டத்தில் இருந்த மற்றவர்கள் அதை நல்ல யோசனை என்று பாராட்டினார்கள். காற்றும் ஜன்னல் வழியாகத்தான் வரும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த அறையில் உட்கார்ந்திருப்பவளை எல்லாரும் ஆபரேட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பிறவியிலேயே பார்வை இல்லை. படிப்பு முடிந்த கையோடு வேலைக்கு வந்தவள், தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அதே நாற்காலியில்தான் இருந்தாள். கல்யாணம் ஆகவில்லை. பள்ளி ஆசிரியையான தங்கையின் வீட்டில், மாடிப்படிக்குப் பக்கத்து அறையில் இருந்தாள். நல்ல சுபாவம் என்று அவளை யாரும் சொன்னது கிடையாது. கண் தெரியாதவர்கள் சாந்தமாக இருப்பார்கள், எதைக் கேட்டாலும் மெல்லச் சிரிப்பார்கள் என்ற நினைப்போடு அந்த அறைக்குள் வந்தவர்கள் வாயடைத்துப் போய்த் திரும்புவார்கள்.

அவள் அப்படி ஆனதற்கு அவள் வேலைதான் காரணம். இணைப்பு கிடைக்கும்வரை போன் செத்துக் கிடக்கிறது என்று பெரிய மனிதர்களுக்கு ஒரு நினைப்பு. அந்த இடைவெளியில் ஏப்பம் விடுவார்கள், பல் குத்துவார்கள், பக்கத்தில் நிற்பவரிடம் பொய்யை ஒத்திகை பார்ப்பார்கள். "டாக்டர் அறையில இல்லைன்னு சொல்லும்மா" என்று டாக்டரே சொல்லும் குரலை அவள் தினமும் கேட்டாள். இப்படி ஆயுள் முழுக்கக் கேட்ட ஒருத்திக்கு மனிதர்கள்மேல் மரியாதை மிச்சமிருந்தால்தான் ஆச்சரியம்.

அந்த ஆஸ்பத்திரியின் கணக்கு அதிகாரிக்கு அவள் வைத்த பெயர் கிராம் சார். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது, கொஞ்சம் நடங்கள் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, நடப்பதற்குப் பதில் சைக்கிள் வாங்கியவர் அவர். வாங்கியதோடு நிறுத்தியிருக்கலாம். அதன் எடையைக் குறைக்கக் கிளம்பினார். மணியைக் கழற்றினார். ஸ்டாண்டைக் கழற்றினார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மருந்துக் கிடங்குத் தராசில் தண்ணீர்ப் புட்டியை நிறுத்துப் பார்ப்பார். சைக்கிளில் ஏறுவதற்கு முன் சாவிக்கொத்திலிருந்து பீரோ சாவியை எடுத்து வீட்டில் வைத்துவிட்டு வருவார். அவருடைய தொப்பையை மட்டும் யாரும் தராசில் வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த வருஷம், பார்வையற்ற குழந்தைகளின் பள்ளிக்குப் பேருந்து வாங்கித் தர ஒரு மலைச் சைக்கிள் பயணம் நடத்துவதாக ஏற்பாடு ஆனது. ஊரிலிருக்கும் அலுவலகங்கள் ஒவ்வொன்றும் ஓர் அணி அனுப்ப வேண்டும். மலைமேல் ஏறி, மறுபக்கம் இறங்கி, அடிவாரத்துப் பள்ளி மைதானத்தில் முடிக்க வேண்டும். பேருந்துக்குப் பணம் கொடுக்க நினைத்தால் கொடுத்துவிட்டுப் போகலாமே, அதற்கு ஏன் மலை ஏற வேண்டும் என்று கேட்கக்கூடாது. கேட்டால் மனசில் ஈரமில்லாதவர் என்பார்கள்.

ஆஸ்பத்திரியின் விளம்பர வேலைகளைப் பார்க்கும் அம்மாளுக்கு ஒரு யோசனை உதித்தது. கிராம் சாரையும் கூட்டிக்கொண்டு ஜன்னலில்லா அறைக்கு வந்தாள்.

"ஆபரேட்டரம்மா, உங்களுக்கு ஒரு நல்ல சேதி!"

"என்ன, ஜன்னல் வைக்கப்போறீங்களா?"

"ஐயோ, நீங்க ஒண்ணு! நம்ம அணியில இரட்டைச் சைக்கிள் ஒண்ணு ஓட்டப்போறோம். சார் முன்னாடி. நீங்க பின்னாடி."

"நான் எதுக்கு?"

"உங்களை மாதிரி உள்ளவங்களுக்காகத்தானே இது. போஸ்டர்ல எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க. நீங்க ஒண்ணும் பண்ணவேண்டாம்மா. கால் வைக்க ஒரு இடம் இருக்கு. சார் மிதிச்சுக்குவாரு. நீங்க சிரிச்ச முகமா உட்கார்ந்தா போதும்."

"சிரிக்கற வேலைக்கு வேற ஆளைப் பாருங்க. மிதிக்கறதுன்னா வர்றேன்."

கால் வைக்க ஓர் இடம் என்று அந்த அம்மாள் சொன்னது பெடலைத்தான். இரட்டைச் சைக்கிளில் இரண்டு பேருடைய பெடலும் சங்கிலியால் சேர்ந்தே இருக்கும்; முன்னால் இருப்பவர் மிதித்தால் பின்னால் இருப்பவர் காலும் சுற்றியே தீரும். போஸ்டர் போடுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிய வேண்டிய அவசியமில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை மலை அடிவாரத்தில் பயிற்சி தொடங்கியது. எலும்பு டாக்டர், கொள்முதல் அதிகாரி, இன்னும் சிலர். எல்லாரும் உடம்போடு ஒட்டிய கால்சட்டையில் இருந்தார்கள். அதைப் பார்க்க முடியாதது தன் பாக்கியம் என்று ஆபரேட்டரம்மா பிறகு தங்கையிடம் சொன்னாள்.

ஆனால் அன்று நடந்த இன்னொன்றை அவள் தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. வெளியே போனால் யாருடைய முழங்கையையாவது பிடித்துக்கொண்டுதான் அவள் நடப்பாள். அந்த முழங்கையின் வேகம்தான் அவள் வேகம். தங்கை இழுத்துக்கொண்டு ஓடுவாள். மற்றவர்கள் கண்ணாடிப் பாத்திரத்தைக் கொண்டுபோவதுபோல ஊர்ந்து நடப்பார்கள். அன்று ஏற்றத்தில், கோபத்தில், அவள் பெடலை ஓங்கி மிதித்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த கணக்கு அதிகாரியின் கால்கள் அவருடைய விருப்பத்தைக் கேட்காமலே வேகமாகச் சுற்றின. "மெதுவா, மெதுவா" என்று மூச்சுவாங்கக் கத்தினார். இன்னொருவரை அவள் தன் வேகத்துக்கு ஓடவைத்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பின் இருக்கையை இனி யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்தபோது தொடை இரண்டும் இரும்பாகக் கிடந்தன.

"எதுக்குக்கா உனக்கு இந்த வயசுல?" என்றாள் தங்கை.

"பேருந்து வாங்கறாங்கடி."

"அவங்க பேருந்து வாங்க, நீ ஏன் முனகறே?"

"தெரிஞ்சா சொல்லமாட்டேனா? வாயைத் திறக்காம தைலத்தைத் தேய்."

பயிற்சியில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மலை உச்சிவரை மிதிப்பார்கள். உச்சியில் ஒரு சரக்கு வண்டி காத்திருக்கும். தேநீரும் பிஸ்கட்டும் முடிந்ததும், சைக்கிள்களைப் போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றி, தாங்களும் ஏறி, வந்த வழியே இறங்கிவிடுவார்கள். ஒரு ஞாயிறுகூட இது தவறவில்லை.

"ஏன் சார், இறங்கறதுக்குப் பழக வேண்டாமா?" என்று ஆபரேட்டரம்மா ஒருநாள் கேட்டாள்.

"இறக்கத்துல என்னம்மா பழக்கம்? ஏறினா உழைப்பு. இறங்கறது தானா நடக்கும். வீணா பிரேக் பிடிச்சா சக்கரம் சூடாகித் தேயும்."

"பயண நாளன்னிக்கு?"

"அன்னிக்குத் தேஞ்சா தேயட்டும்."

எலும்பு டாக்டர் இதை ஆமோதித்தார். இறக்கத்தில் விழுந்தவர்களின் எலும்புகளைத் தான் ஒட்டவைத்த கதைகளை வண்டி இறங்கும் வரை சொல்லிக்கொண்டே வந்தார். அத்தனை பேரும் படித்தவர்கள். ஏறுகிற மலையிலிருந்து இறங்கவும் வேண்டும் என்பது அவர்கள் படித்த படிப்பில் வரவில்லை போலும்.

வாரங்கள் போகப்போகக் கிராம் சாருக்கு வேறு கவலை பிடித்தது. இரட்டைச் சைக்கிள் மற்ற சைக்கிள்களுக்குப் பின்னால் வந்தது. கணக்குப் பார்க்கிறவர் அல்லவா, பாரத்தைக் கூட்டிப் பார்த்தார். மிதமிஞ்சிய எடை எங்கே இருக்கிறது என்று அவருக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது.

"ஆபரேட்டரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க..."

"தப்பாத்தான் சொல்லப்போறீங்க, சொல்லுங்க."

"கையில அந்தக் கடிகாரம்... அதைத் தொட்டுப் பார்த்துத்தான் மணி தெரிஞ்சுக்கணுமா? கனமா இருக்குமே. வீட்டுல வச்சுட்டு வரலாமே."

கழற்றிக் கொடுத்தாள். அடுத்த வாரம் கைப்பையை வேண்டாம் என்றார். அதற்கும் அடுத்த வாரம் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தார். அதற்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுதத் தேவையில்லை.

பயண நாள் நெருங்கிய ஒரு ஞாயிறு அவள் அடிவாரத்தில் வந்து இறங்கியபோது, "நீங்க இன்னிக்கு வண்டியில உட்காருங்கம்மா, ஓய்வு எடுத்துக்கங்க" என்றார் கிராம் சார். அவருடைய மனைவி வந்திருந்தாள். ஒல்லியான பெண் என்று குரலிலேயே தெரிந்தது. வண்டியின் கதவோரம் உட்கார்ந்த ஆபரேட்டரம்மாவுக்கு எல்லாம் காதில் விழுந்தது.

"கறுப்புக் கண்ணாடி சரியா இருக்கா, பாருங்க."

"சரியா இருக்கு. போட்டோவுல யாருக்கும் தெரியாது."

"ஏங்க, ஓட்டும்போது கண்ணை மூடிக்கணுமா, திறந்து வச்சுக்கலாமா?"

வண்டிக்குள்ளிருந்து ஆபரேட்டரம்மா பதில் சொன்னாள்: "திறந்தே வச்சுக்கம்மா. உன் வீட்டுக்காரருக்குப் பதிலா நீயாவது கொஞ்சம் பாரு."

மறுநாள் காலை விளம்பர அம்மாளின் அறைக்குச் சுவரைத் தடவிக்கொண்டு தானே போனாள். சத்தம் போடவில்லை. "பத்திரிகைக்காரங்க பயணத்தைப் பத்தி விசாரிச்சுப் போன் பண்ணா, இங்கே என் வழியாத்தானே வரும்?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. ஏன்?"

"பார்வையில்லாதவங்ககிட்ட பேசணும்னு கேட்டா யாருக்கு இணைப்புக் கொடுக்கறது? பிறவியிலேயே பார்வை இல்லாதவளுக்கா, நேத்திலேர்ந்து பார்வை இல்லாதவளுக்கா? தெரிஞ்சுக்கலாம்னுதான் வந்தேன்."

விளம்பர அம்மாளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அது ஆபரேட்டரம்மாவுக்குத் தெரியாது. ஆனால் நாற்காலி கிறீச்சிட்ட விதத்தில் விஷயம் புரிந்தது. கறுப்புக் கண்ணாடி அன்றே பெட்டிக்குள் போனது.

பயண நாள் வந்தது. புறப்படும் இடத்தில் ஒவ்வொரு சைக்கிளையும் சோதித்து அனுப்ப ஒரு மெக்கானிக்கை நிறுத்தியிருந்தார்கள். இரட்டைச் சைக்கிளின் பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "மூணாவது பிரேக் எங்கே?"

"அது எதுக்கு? முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு இருக்கே" என்றார் கிராம் சார்.

"ரெண்டு ஆள் கனத்துக்கு இறக்கத்துல அது பத்தாது சார். அச்சுல மாட்டற பிரேக் ஒண்ணு இதோடவே வரும். பின்னாடி உட்கார்றவங்க கைக்குப் பிடி இருக்கும். அதை யாரு எடுத்தது?"

கிராம் சார்தான் எடுத்திருந்தார், சைக்கிள் வந்து சேர்ந்த அன்றே. கனமான சாமான். தூக்கியெறிகிற ஆள் அல்ல அவர். பக்கத்தில் நின்ற சரக்கு வண்டியின் கருவிப் பெட்டியில் துணி சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார்.

"எனக்குன்னு ஒரு பிரேக் இருந்துச்சா?" என்றாள் ஆபரேட்டரம்மா.

"உங்களுக்கு எதுக்கும்மா அது? பார்க்காம எப்படிப் பிடிப்பீங்க?"

"நீங்க கேட்டிருக்கணும் சார். எடுக்கறதுக்கு முன்னாடி."

"மேலே ஏறறதுக்கு மட்டும்னா இப்படியே போங்க" என்றார் மெக்கானிக், கருவிப் பெட்டியைத் திறந்துகொண்டே. "ஆனா அங்கேயே வீடு பார்த்துக்கணும்." பிரேக்கை மாட்டி, ஆபரேட்டரம்மாவின் வலக்கையை எடுத்துப் பிடியின்மேல் வைத்தார். விரல் போட வேண்டிய இடம் சில்லென்று இருந்தது.

ஏற்றம் பழகிய விஷயம். வழியெல்லாம் கிராம் சார் மூன்றாவது பிரேக்கின் எடையைப் பற்றியே பேசினார். உச்சிக்கு வந்து சேர்ந்ததும் ஆஸ்பத்திரி அணி வழக்கம்போல வண்டியைத் தேடியது. வண்டி இல்லை. அன்று மலைப்பாதையில் வேறு வாகனங்களை விடவில்லை. அது எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லப்பட்டதுதான்.

மற்ற அணிகள் நிற்காமல் இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்தில் சக்கரங்கள் விர்ரென்று கடக்கும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரி அணி மட்டும் தண்ணீர் குடித்தது. போட்டோ எடுத்தது. மறுபடி தண்ணீர் குடித்தது. எலும்பு டாக்டருக்குத் திடீரென்று கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கொள்முதல் அதிகாரி சற்றுத் தள்ளிப் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து புஸ்ஸென்று காற்று இறங்கும் சத்தம் வந்தது. பிறகு, "அடடா, பஞ்சர்!" என்றார். சத்தம் முதலில் வந்ததையும் வருத்தம் பிறகு வந்ததையும் ஆபரேட்டரம்மா கவனித்தாள்.

கிராம் சார் அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "நாம நடந்தே இறங்கிடலாம்மா. உங்க பாதுகாப்புதான் முக்கியம். என் கையைப் பிடிச்சுக்கங்க."

அந்த முழங்கை வந்து அவள் கையில் இடித்தது. ஊர்ந்து போகும் முழங்கை. மலை நெடுக அதைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். கீழே போனதும், பாவம், அவளால்தான் நடக்க வேண்டியதாயிற்று என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"பயம் யாருக்கு சார்?"

"உங்களுக்காகத்தான்..."

"எனக்குப் பயமா இருந்தா நானே சொல்லிக்கிறேன். என் பேரைச் சொல்லி நீங்க நடக்காதீங்க. இல்ல, கீழே போற அணியில யாராவது முன்னாடி உட்காருவாங்களான்னு கூப்பிட்டுக் கேட்கட்டுமா? எனக்குத் தொண்டை நல்லா இருக்கு."

கேட்டிருப்பாள். அது அவருக்கும் தெரியும். சுற்றிலும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

முதல் வளைவில் ஆபரேட்டரம்மா செய்தது பெரிய முட்டாள்தனம். பிடியை ஒரேயடியாக இறுக்கிவிட்டாள். பின்சக்கரம் கிறீச்சிட்டு, சைக்கிளின் வால் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. கிராம் சார் கத்தினார். ஓரத்துக் கற்கள் சிதறிக் கீழே உருளும் சத்தம் கேட்டது. அவை தரையைத் தொட நெடுநேரம் ஆனது. இத்தனை நாள் மற்றவர்களை இளப்பமாகப் பேசிய வாய் வறண்டு ஒட்டிக்கொண்டது. இந்த வேலையில் தானும் கற்றுக்குட்டிதான் என்பதை ஒப்புக்கொள்வது அவளுக்குக் கசந்தது.

"பேசுங்க சார்!" என்றாள்.

"என்ன... என்ன பேசறது?"

"எது வருதோ அதைச் சொல்லுங்க. இத்தனை வாரத்துல ஒரு நாளாவது பாதை எப்படி இருக்குன்னு எங்கிட்ட சொன்னீங்களா?"

"எல்லாம் கட்டுப்பாட்டுலதான் இருக்கு..."

டாக்டர் அறையில் இல்லை என்று டாக்டரே சொல்லும் அதே குரல். அவள் பிடியை மெல்ல அழுத்தினாள். சைக்கிள் அடங்கியது.

அதற்கப்புறம் அவர் சொல்லத் தொடங்கினார். இடது பக்கம் வளைவு. நேராப் போகுது. பள்ளம், பள்ளம். வார்த்தைகள் பெரும்பாலும் தாமதமாக வந்தன; வளைவைத் தாண்டிய பிறகுதான் வளைவு என்பார். ஆனால் வார்த்தைக்கு முன்னாலேயே குரல் மெலிந்துவிடும். மூச்சு மேலே ஏறித் தொண்டையில் நின்றுவிடும். அங்கே அவள் அழுத்தினாள். மூச்சு கீழே இறங்கினால் விட்டாள். நேர்ப்பாதை என்று குரல் காட்டிக்கொடுத்த இடங்களில் வேண்டுமென்றே முழுக்க விட்டாள். காற்று காதை அடைத்துக்கொண்டு பாய்ந்தது. கொண்டை அவிழ்ந்து முடி பின்னால் பறந்தது. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பயத்தோடு சேர்ந்தே சிரிப்பும் வந்தது. போஸ்டருக்குச் சிரிக்க மாட்டேன் என்றவள், அங்கே யாருக்கும் தெரியாமல் பல் தெரியச் சிரித்தாள்.

கடைசிக்கு முந்தைய வளைவு ரொம்பக் குறுகல். அங்கே கிராம் சார் இடது என்றும் சொல்லவில்லை, வலது என்றும் சொல்லவில்லை. "அம்மா!" என்றார். ஆபரேட்டரம்மா என்பதில் வரும் அம்மா அல்ல அது. அதற்கு என்ன அர்த்தமோ, அந்த அளவுக்கு அவள் பிரேக்கைப் பிடித்தாள். சைக்கிள் தவழ்ந்துபோய் வளைவைக் கடந்தது.

மைதானத்தில் மேடை போட்டிருந்தார்கள். கிராம் சாருக்குக் கால் தரையில் பட்டதும் குரல் திரும்ப வந்துவிட்டது. மைக்கைக் கையில் வாங்கினார். "என்னை நம்பி ஒரு உயிர் பின்னாடி உட்கார்ந்திருந்துச்சு. அந்தப் பொறுப்புதான் என்னைக் கீழே கொண்டுவந்து சேர்த்தது" என்றார். விளம்பர அம்மாள் கைதட்டினாள். எல்லாரும் தட்டினார்கள். மேடை ஏறியதும் ஒரு மனிதன் எவ்வளவு சீக்கிரம் பழைய ஆளாகிவிடுகிறான்! ஆஸ்பத்திரி அணியின் மற்றவர்கள் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி ஆபரேட்டரம்மாவிடம் வந்தாள். "உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இருந்தது. ஆனா பிரேக் என் கையில இருந்ததால கொஞ்சம் தேவலை."

அந்தப் பெண் அதை எழுதிக்கொள்ளவில்லை. கணக்கு அதிகாரி சொன்னதுதான் அச்சில் வந்தது.

ஒரு வாரம் ஆபரேட்டரம்மா தன் அறையில் உட்கார்ந்து இணைப்புக் கொடுத்தாள். வெளியே போக வேண்டியிருந்தபோது முழங்கைகளைப் பிடித்து நடந்தாள். பயணம் முடிந்துவிட்டது, இரட்டைச் சைக்கிள் கிராம் சார் வீட்டு மாடியில் சும்மா நின்றது. மறுபடி ஏற வேண்டுமானால் முன் இருக்கைக்கு ஓர் ஆள் வேண்டும். தங்கை புருஷனை நினைத்துப் பார்த்தாள். அவர் படியேறினாலே நெஞ்சைப் பிடிப்பவர். மற்றவர்களில் யாருடைய பயம் குரலில் எங்கே தொடங்கும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தது ஒரே ஓர் ஆளுடையதுதான். நினைக்கவே எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை காலை கணக்கு அதிகாரியின் அறைக்குத் தானே போன் போட்டாள்.

"சார், நாளைக்கு மலைக்குப் போகணும். மிதிச்சு ஏறி, மிதிச்சு இறங்கணும்."

"இனி எதுக்கும்மா? அதான் பயணம் முடிஞ்சுதே. நாளைக்கு வீட்டுல வேற கொஞ்சம் வேலை..." என்று இழுத்தார். பிறகு அவராகவே குரலைத் தணித்தார். "ஆபரேட்டரம்மா, அன்னிக்கு வழியில நான் ஏதாவது பேசியிருந்தா, அதை இங்கே யார்கிட்டயும்..."

"எதைச் சொல்றீங்க சார்? பள்ளம், பள்ளம்னீங்களே, அதையா? அம்மான்னு கூப்பிட்டீங்களே, அதையா?"

மறுமுனையில் மூச்சு தொண்டைக்கு ஏறி நின்றது. அவள் காத்திருந்தாள். இணைப்புப் பலகையில் வேறு யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்; அவர்களும் காத்திருக்கட்டும் என்று விட்டாள்.

"காலையில எத்தனை மணிக்கு?" என்றார் கிராம் சார்.

"வெயில் ஏறறதுக்கு முன்னாடி. நல்லா சாப்பிட்டுட்டு வருவேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள்.